மிக்ஸிக்குள் இருபத்தொரு வெள்ளி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு அன்று நெஞ்சு வலி மட்டும்தான் வரவில்லை. மற்ற எல்லாம் வந்துவிட்டது. பிஸ்கட் டப்பாவைத் திறந்த கையோடு கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். பன்னிரண்டு வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த இருபத்தொரு வெள்ளி நாணயங்கள். ராஜாக்கள், ராணிகள், ஒரு கப்பல், இரண்டு கழுகுகள். அத்தனை பேரும் முகத்தில் கரி பூசிக்கொண்டு கிடந்தார்கள்.

“யாரோ விஷம் வச்சிட்டாங்க!” என்று அலறினார்.

அவர் மனைவி பெண்கள் பள்ளியில் வேதியியல் டீச்சர். திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

“ரப்பர் பேண்ட் போட்டீங்களா?”

“சிதறாம இருக்கணுமே!”

“பழைய பேப்பர்ல சுத்தினீங்களா?”

“கீறல் விழக் கூடாதே!”

“அப்ப விஷம் வச்சது நீங்கதான். ரெண்டுலயும் கந்தகம் இருக்கு. வெள்ளிக்கும் அதுக்கும் ஆகாது.”

“தேய்ச்சா போயிடுமா?”

“கறுப்பும் போகும். ராஜா மூக்கும் போகும்.”

டீச்சர் சோடா உப்பு கலந்த வெந்நீரில் அலுமினியத் தாளோடு நாணயங்களை முக்கி, தேய்க்காமலே கறுப்பை எடுத்துக் கொடுத்தாள். அன்றே அவர் சபதம் எடுத்தார். டீச்சர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வட்ட டப்பி. ஈரம் உறிஞ்சும் பொட்டலம். தொட்டால் ஓரத்தை மட்டும். நல்ல கண்ணாடியாக வாங்கிவந்து, பட்டை தீட்டி, ஹாலில் ஒரு சுவர்ப்பெட்டி மாட்டினார். பக்கத்தில் நின்று யாராவது தும்மினால் கூட மூன்று நாள் பேச மாட்டார்.

எல்லாம் டீச்சரின் தம்பி வரும்வரைதான். மச்சான் பெட்டியின் முன் நின்றான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான்.

“அத்தான், இதுக்குப் பூட்டு கிடையாதா?”

அவ்வளவுதான் கேட்டான். சாப்பிட்டான், போய்விட்டான். இவருக்குச் சோறு இறங்கவில்லை. பூட்டைப் பற்றி எவன் கேட்பான்? அதைத் திறக்கிறவன்தானே கேட்பான்!

மறுநாள் பரிசுக் கோப்பை செய்யும் பட்டறைக்குப் போனார். இருபத்தொன்றுக்கும் அச்சு அசலாக நகல் வேண்டும் என்றார். பட்டறைக்காரர் நேர்மையான மனிதர்.

“செஞ்சு தர்றேன் சார். ஆனா பின்னால யாரும் ஏமாந்துடக் கூடாது. ஓரத்துல குட்டியா ஒரு நட்சத்திரம் போட்டுடுவேன். லென்ஸ் வச்சாதான் தெரியும்.”

நகல்கள் சுவருக்குப் போயின. அசல்கள் பரணுக்குப் போயின. அங்கே மோட்டார் கருகிப்போன ஒரு பழைய மிக்ஸி கிடந்தது. உள்ளே இருந்த மோட்டாரை, சரி செய்வதாக எடுத்துப் போனவன் திரும்பவே இல்லை. அந்தக் காலி வயிற்றுக்குள் இருபத்தொரு டப்பிகளையும் அடுக்கி, கண்ணாடிக்குப் போடும் குட்டித் திருப்புளியால் நாலு திருகாணியையும் முடுக்கினார். மனைவியிடம் மூச்சு விடவில்லை. அவளுக்குத் தெரிந்தால் தம்பிக்குத் தெரியும். தம்பிக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும்.

அதற்குப் பிறகு அவர் ஆளே மாறிப்போனார். “தொட்டுப் பாருங்க, ஒண்ணும் ஆகாது!” என்று வந்தவர்களை எல்லாம் இழுத்துவந்து காட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் எண்ணெய்க் கையோடு ஒரு ராணியைத் தடவிப் பார்த்தார். இவர் சிரித்துக்கொண்டே நின்றார். பெயிண்ட் டப்பாவின் மூடி வரவில்லை என்று ஒரு கழுகை எடுத்து நெம்பினார். சாப்பாட்டு மேஜை ஆடியபோது ஒரு ராஜாவைக் காலுக்கு அடியில் கொடுத்தார்.

“என்னங்க, முன்னெல்லாம் மூச்சுப் பட்டாலே கத்துவீங்க?”

“பற்று விட்டுப்போச்சு டீச்சர்.”

“எப்பலேர்ந்து?”

“அது... தானா விட்டுப்போச்சு.”

டீச்சர் “ம்” என்றாள். அந்த “ம்”மில் என்ன இருந்தது என்று அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

இரண்டு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே சமையலறைக்குள் போனவர் அப்படியே நின்றார். மேடை மேல் பளபளவென்று ஒரு புது மிக்ஸி.

“இது ஏது?”

“நேத்து சாயங்காலம் வாங்கினேன். பழசைக் குடுத்தா விலை குறைச்சுத் தர்றாங்க.”

“எந்தப் பழசு?”

“பரண்ல இருந்ததுதான். வேற எது?”

பிரஷ் வாயிலிருந்து விழுந்தது. நுரையோடு தெருவில் ஓடினார். மிக்ஸிக் கடையில் இருந்த பெண் சாவகாசமாகச் சொன்னாள். “பழசெல்லாம் நேத்தே லாரியில கிடங்குக்குப் போயிடுச்சு சார்.”

“ஐயோ, என் வெள்ளி போச்சே!”

“ஆமா சார், இன்னைக்குச் சனி.”

அந்தப் பொல்லாத சனியோடு கிடங்குக்கு ஓடினார். அங்கே மலைபோல மிக்ஸிகள். ஒவ்வொன்றாகப் புரட்டினார். சட்டை கிழிந்தது. முழங்கால் சிராய்ந்தது. கடைசியில் பச்சை நிறம், இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. அவருடையதேதான்! குட்டித் திருப்புளி சட்டைப் பையிலேயே இருந்தது. நாலு திருகாணி. உள்ளே இருபத்தொரு டப்பிகளும் வைத்தது வைத்தபடி.

ஆனந்தக் கண்ணீரோடு கப்பலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தொழில் புத்தி சும்மா இருக்குமா? லென்ஸை எடுத்து ஓரத்தைப் பார்த்தார்.

நட்சத்திரம்.

அடுத்தது. நட்சத்திரம். அதற்கடுத்தது. வானம் முழுக்க நட்சத்திரம். மிக்ஸி மலையிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“என்ன சார், தலை சுத்துதா?” என்று ஓடிவந்தார் காவல்காரர். “இங்க சுத்துறது எதுவுமே கிடையாதே!”

டீச்சர் மாற்றிவிட்டாள்! இங்கே இருப்பது நகல் என்றால் அசல் எங்கே? சுவரில்! அப்படியானால் பெயிண்ட் டப்பாவை நெம்பிய கழுகு? மேஜைக் காலுக்கு அடியில் இரண்டு மாதமாக நசுங்கும் ராஜா? எண்ணெய் குடித்த ராணி? வந்த வழியே வீட்டுக்கு ஓடினார். மேஜைக்கு அடியில் படுத்து, ராஜாவை உருவி, லென்ஸை வைத்தார்.

நட்சத்திரம்.

சுவர்ப்பெட்டியைத் திறந்தார். ராணி, கழுகு, எல்லோருக்கும் நட்சத்திரம். அசல் ஒன்றுகூட வீட்டில் இல்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். டீச்சர் தண்ணீர் டம்ளரோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“குடிங்க. அப்புறம் கத்துங்க.”

“எப்படித் தெரியும்?” டம்ளரை வாங்கிக்கொண்டு கேட்டார்.

“ஹால்ல சமையல் புகை வருது. ஆளாளுக்குத் தொடுறாங்க. ஒரு மாசமா ஒரு புள்ளிகூடக் கறுக்கலை. வெள்ளி அவ்வளவு நல்ல பிள்ளையா இருக்காது. அப்புறம் பரணைப் பார்த்தேன். எல்லாத்து மேலயும் தூசி. ஒரு செத்த மிக்ஸி மட்டும் குளிச்ச மாதிரி இருந்தது.”

“அதுக்குள்ள போலியை வச்சது?”

“நான்தான். ஸ்கூலுக்குக் கோப்பை வாங்கப் போனேன். ‘சாருக்குக் குடுத்த மாதிரியே இன்னொரு செட்டா?’ன்னு பட்டறைக்காரரே கேட்டார். சரின்னுட்டேன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! என் உயிரே போச்சு!”

“நீங்க சொன்னீங்களா? வீட்டுல இருபத்தொரு நாணயம் இருந்தது. உங்ககிட்ட ஒண்ணு இல்லாமப் போச்சே!”

பாதித் தண்ணீரைக் குடித்தார். பாதியைச் சட்டை குடித்தது.

“சரி, தப்புதான். அசல் எங்கே?”

“காத்துப் புகாத பெட்டியில. ஈரமில்லாம, கறுக்காம. எங்கேன்னு மட்டும் கேக்காதீங்க.”

“என்னோடது! நான் பார்க்க வேண்டாமா?”

“தாராளமாப் பாருங்க. மாசத்துல முதல் ஞாயிறு, பத்து மணியிலேர்ந்து பத்தே கால் வரைக்கும். நான் எடுத்துட்டு வர்ற வரைக்கும் நீங்க பால்கனியில நிக்கணும்.”

நுரை காய்ந்த வாயோடு, கிழிந்த சட்டையோடு, அவர் மெல்லக் கேட்டார்.

“அனுமதி இலவசம்தானே?”

“குழந்தைங்களுக்கு மட்டும்.”