நானூற்றுப் பதினேழாம் நம்பர் பாட்டில்

"பத்து நிமிஷ வேலைன்னு நீங்கதான சொன்னீங்க? அந்தப் பத்து நிமிஷம் ஒரு மாசமா எங்க போச்சு?" என்று மனைவி கிரேஸி கேட்டபோது, நல்லவேளையாக ஜெபசீலன் வாயில் இட்லி இருந்தது. மென்று முடிக்கும்வரை பதில் சொல்ல வேண்டியதில்லை.

கிரேஸியின் தம்பி வில்சன் வேலூர் ஜெயிலில் இருந்தான். செய்த மகா பாதகம் இதுதான்: கோயிலில் நற்கருணைக்காக அம்மா பிழிந்து கொடுத்த திராட்சை ரசத்தை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான். வருஷம் 1978, மதுவிலக்கு அமலில் இருந்த நேரம். பஸ்ஸைச் சோதித்த போலீஸ்காரர் பாட்டிலின் கலரைப் பார்த்தார், பையன் முழியைப் பார்த்தார், ஒயின்தான் என்று முடிவு கட்டிவிட்டார். ஆய்வுக்கூட ரிப்போர்ட் வராமல் ஜாமீன் கிடையாது என்று மேஜிஸ்திரேட்டும் சொல்லிவிட்டார்.

வருகிற வியாழக்கிழமை வில்சனுக்குக் கல்யாணம். மூன்று ஞாயிறும் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. பெண் தயார், பந்தல் தயார். மாப்பிள்ளைதான் கம்பி எண்ணிக்கொண்டிருந்தான்.

பாட்டில் வந்து சேர்ந்த இடம், ஜெபசீலன் ஸ்டோர் கிளார்க்காக இருக்கும் ஆம்பூர் தடய ஆய்வுக்கூடமேதான். மச்சானின் பாட்டில் கைக்கெட்டிய அலமாரியில், 417 என்ற நம்பரோடு. ஆனால் யாரும் சோதிக்கக் கூடாது! தகுதிச் சான்று வாங்காத எந்த ஆய்வுக்கூடமும் இனி எதையும் சோதிக்கக் கூடாது என்று மதராஸிலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது.

நல்ல ஏற்பாடுதான், யார் வேண்டாமென்றார்கள்? தப்பான ரிப்போர்ட்டால் ஒருத்தன் ஜெயிலுக்குப் போய்விடக் கூடாதே! அதனால் ரிப்போர்ட்டே இல்லாமல் பதினோரு பேர் ஜெயிலில் இருந்தார்கள். நாட்றம்பள்ளிப் பக்கம் ஒரு ஸ்டேஷன் வாசலில், புல்லில் யாரோ விஷம் வைத்த வழக்கு முடியாமல் ஒரு எருமை கட்டிக் கிடந்தது. அதற்குத் தவிடு அரசாங்கச் செலவு.

"மோந்து பாத்தாலே தெரிஞ்சிடுமே!" என்றாள் கிரேஸி.

"ஆம்பூர்ல எவன்டி மோந்து பாக்கறது?"

அதுவும் நியாயம்தான். ஆய்வுக்கூடம் இருந்தது ஒரு தோல் மண்டியின் மாடியில். பின்பக்கம் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிகள். புதிதாக வேலைக்கு வருபவர்கள் ஒரு வாரம் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் பிடித்துக்கொள்ள மூக்கு இருந்தாலும், அது வேலை செய்யாது.

ரசம் கெட்டுவிடக் கூடாதே என்று ஜெபசீலன் முதல் நாளே பாட்டிலை ஐஸ்பெட்டியில் வைத்திருந்தான். அதிகாரி பரந்தாமன் பார்த்துவிட்டார்.

"யோவ், ஐஸ்பெட்டி தெர்மாமீட்டருக்குச் சான்று இல்ல. பெட்டியை நிறுத்து!"

தெர்மாமீட்டர், ஒரு ஆள் துணையோடு, ரயிலேறி மதராஸ் போனது. சான்று வாங்கியது. திரும்பி வரும்போது காட்பாடியில் உடைந்தது. அதற்குள் பாட்டில் அலமாரிக்கு வந்து, ஆம்பூர் சித்திரை வெயிலில் மூன்று வாரம் வெந்துவிட்டது.

ஒரு நாள் ஜெபசீலன் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். உள்ளே முத்து முத்தாகக் குமிழி. பரந்தாமனிடம் ஓடினான்.

"சார், ரசம் புளிக்குது சார்! இப்பவே சோதிச்சாத்தான் உண்டு. விட்டா நெஜமாவே ஒயினாய்டும்!"

"ஆனா ஆவட்டும்யா. சான்று வந்ததும் சோதிச்சிடலாம்."

குற்றமே செய்யாத ஒருவனுக்கு அரசாங்கமே உட்கார்ந்து குற்றத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது.

சீக்கிரம் சான்று வாங்குவது ஒன்றே வழி என்று ஜெபசீலன் பேய் மாதிரி வேலை செய்தான். ஒவ்வொரு பாத்திரத்திலும் உள்ளே இருப்பது என்ன என்று லேபிள் ஒட்ட வேண்டும் என்றது சுற்றறிக்கை. ராப்பகலாக ஒட்டினான். 417-இல் 'திராட்சை ரசம் எனக் கூறப்படும் திரவம்' என்று எழுதப் பார்த்தான். லேபிளில் இடம் பற்றவில்லை. 'திராட்சை ரசம்' என்பதோடு நிறுத்திக்கொண்டான். குடிதண்ணீர்ப் பானைக்கு அளவுச் சான்று இல்லை என்று அதையும் கீழே மண்டிக்கு அனுப்பிவிட்டான்.

"அப்போ தாகம் எடுத்தா?" என்றாள் கூட்டிப் பெருக்கும் கங்கம்மாள்.

"ஒரு நாள் தாங்கிக்கோ கங்கம்மா!"

திங்கட்கிழமை, சான்று வழங்கும் ஆய்வாளர் சீனிவாசன் வருகிற நாள். காலையில் ஜெபசீலன் ஸ்டோரைத் திறந்ததும் 'டப்'பென்று ஒரு சத்தம். 417-இன் தக்கை முத்திரையைப் பிய்த்துக்கொண்டு எகிறிப்போய்க் காலண்டரில் அடித்தது. பதறிப்போய்த் தக்கையைத் தேடி அழுத்தி, மெழுகுவர்த்தி ஏற்றி, அரக்கை உருக்கி ஊற்றி ஆபீஸ் முத்திரையை அவன் அழுத்தவும், வாசலில் ஜீப் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"கங்கம்மா, இதை உன் ரூம்ல வை!" என்று பாட்டிலை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினான். அரக்கும் முத்திரையும் மேஜையிலேயே கிடந்தன.

சீனிவாசன் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டே மாடியேறினார். பொத்தியது பொத்தியபடியே நாற்பத்து மூன்று குறை கண்டுபிடித்தார். ஆசிட் என்று லேபிள் ஒட்டிய ஜாடியில் கங்கம்மாள் சீயக்காய் வைத்திருந்தது நாற்பத்து மூன்றாவது.

"லேபிள்ல என்ன எழுதியிருக்கோ அதுதான் உள்ளே இருக்கணும்! அதுக்குப் பேர்தான் தரம்! புரிஞ்சுதா?" என்று அவளைப் பார்த்துக் கத்தினார்.

"புரிஞ்சுது சார்," என்றாள் கங்கம்மாள்.

மத்தியானம் அவரைக் குளிர வைக்கப் பரந்தாமன் ஆளனுப்பி பிரியாணி வரவழைத்தார். மூடியைத் திறந்ததும் சீனிவாசன் எழுந்தே விட்டார்.

"நான் சைவம்யா! காலைலேர்ந்து பட்டினி! சாயங்காலத்துக்குள்ள இந்த இடத்தை இழுத்து மூடிட்டுத்தான் போவேன்!"

அதிகாரி அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எழுத ஆரம்பித்துவிட்டார். எல்லாம் போயிற்று. ஜெபசீலன் பின் மாடிப்படியில் முழங்கால் போட்டு, "கர்த்தாவே, என் மச்சானுக்காக ஒரு அற்புதம் செய்யும்" என்று கண்ணீரோடு ஜெபித்தான்.

மூன்றரை மணிக்குக் கதவு திறந்தது. சீனிவாசன் ஒரு பழைய பாட்டை முனகியபடி வந்தார். கர்ச்சீப் தோளில் கிடந்தது. பரந்தாமனைக் கட்டிப் பிடித்து, "இது ஆபீஸ் இல்லய்யா, என் தாய் வீடு!" என்றார். நாற்பத்து மூன்று குறையையும் கிழித்துப் போட்டார். சான்றிதழில் அவர் போட்ட கையெழுத்து, கட்டத்தைத் தாண்டி மேஜைவரை போயிற்று.

ஜெபசீலனுக்குப் பாதி உயிர்தான் திரும்பியது. சான்று வந்தால் சோதனை, சோதனை நடந்தால் ஒயின், வில்சன் கதி அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை பரந்தாமன் முத்திரையைப் பார்த்தார், சரியாக இருந்தது. உடைத்தார், சோதித்தார். ஜெபசீலன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

"சாராயம் துளிகூட இல்லய்யா! சுத்தமான திராட்சை!"

புதன்கிழமை வில்சன் வெளியே வந்தான். வியாழக்கிழமை தாலி கட்டினான். கிரேஸி ஆனந்தத்தில் புருஷனுக்குத் தன் கையாலேயே பரிமாறினாள், அதுவும் ரெண்டு தரம்.

பந்தலில் ஜெபசீலன் எழுந்தான். புளித்துப்போன ரசத்தைக் கர்த்தர் மறுபடி நல்ல ரசமாக்கிய அற்புதத்தை எல்லார் முன்னாலும் சாட்சி சொல்லப் போகிறான். மைக்கைக் கையில் வாங்கும் நேரம், கங்கம்மாள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அற்புதமும் இல்ல, ஒண்ணும் இல்ல சார், பேஜாரா போய்டும், ஒக்காருங்க. பாட்டில் காலியா இருந்தா உங்களைத் திட்டுவாங்களேன்னு நான்தான் கீழ நிசார் பாய் கடையில திராட்சை சர்பத் வாங்கி ரொப்பி, அரக்கு வெச்சேன்."

ஜெபசீலன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டான்.

"காலியா? அப்போ உள்ள இருந்தது இன்னா ஆச்சு?"

"தண்ணி, தண்ணின்னு தவிச்சாரு. பானைதான் இல்லியே. லேபிள்ல இருக்கறதுதான உள்ள இருக்கும்னு ஊத்திக் குடுத்தேன். அதை முச்சூடும் குடிச்சிட்டுத்தான சார் அந்தப் பெரியவரு நமக்குத் தரச் சான்று குடுத்தாரு!"