முனியாண்டியைத் தொடாதீர்கள்

மனிதர்களில் எத்தனையோ வகை உண்டு. அவற்றில் ‘நான் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் ஓடாது’ வகையை இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். அவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோயில் கமிட்டியில் மைக் செட் சாவியை யாரிடமும் கொடுக்காமல் இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிபவர் அவர்தான். கல்யாண வீட்டில் ஒரு வாளி சாம்பாரையும் தூக்காமல் பந்திக்கு மேலும் கீழும் நடந்துவிட்டு, ‘நான் ஒருத்தன் எத்தனையத்தான் பாக்குறது’ என்று வியர்வை துடைப்பவரும் அவர்தான். எங்கள் பக்கத்தில் அவர் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் சர்வர் அறையில் இருந்தார். பெயர் சத்தியசீலன்.

மலேசியாவில் பகாவ் என்ற ஊருக்கு வெளியே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் அந்தப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நான் அங்கே கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஆரம்பத்தில் நாலைந்து விஞ்ஞானிகளும் இரண்டு கணினிகளும்தான். பிறகு செம்பனை என்ற எண்ணெய்ப்பனையின் மரபணுவைப் படிக்கும் இயந்திரம் வந்தது, அது கக்கிய தகவலைக் கொட்டிவைக்க சர்வர்கள் வந்தன, சர்வர்கள் வந்ததால் இன்னும் விஞ்ஞானிகள் வந்தார்கள், அவர்கள் வந்ததால் இன்னும் சர்வர்கள் வந்தன, அவற்றையெல்லாம் அந்தக் காலத்தில் ரப்பர் பாலை எடை போட்ட ஸ்டோரில் குளிர்சாதனம் போட்டு அடுக்கி, கதவைப் பூட்டி, சாவியைச் சத்தியசீலன் கையில் கொடுத்தார்கள். கொடுத்த சாவி திரும்பி வரவில்லை.

அவர் அப்பா இதே தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்தவர். காலையில் பெயர் கூப்பிட்டு ஆள் எடுக்கும் பெரட்டு அவர் கையில் இருந்தது. மகன் சர்வர்களுக்குப் பெரட்டு எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாமி பெயர். முனியாண்டி, மதுரைவீரன், காளியம்மா, சங்கிலிக்கருப்பன். எந்தச் சாமி எந்த வேலை செய்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். மலாய், சீன விஞ்ஞானிகள்கூடக் கதவுக்கு வெளியே நின்று, “முனி டவுன் ஆ?” என்று கவலையோடு கேட்கப் பழகிவிட்டார்கள்.

“சார், என் ஃபைலெல்லாம் எதுல இருக்கு?” என்று ஒருநாள் ஹேமநாதன் என்ற விஞ்ஞானி கேட்டார்.

“முனியாண்டில.”

“முனியாண்டி எது சார்?”

“அது எதுக்கு உங்களுக்கு? வேணும்னா என்னக் கேளுங்க லா.”

இதுதான் இந்த வகை மனிதர்களின் தாரக மந்திரம். கடவுச்சொல் அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவரைச் சுவரைப் பார்க்கச் சொல்வார். எந்த வயர் எங்கே போகிறது என்று எதிலும் எழுதி ஒட்டமாட்டார்; கேட்டால் நெற்றியைத் தட்டிக்காட்டி, “எல்லாம் இங்க இருக்கு” என்பார். முனியாண்டியின் விசிறி இரண்டு வருடமாகக் கரகரவென்று கத்திக்கொண்டிருந்தது. யாராவது அதைச் சொன்னால், பிடிவாதக்காரப் பிள்ளையின் தகப்பனைப் போலப் பெருமையாகச் சிரித்து, “அது அப்படித்தான். எங்கிட்ட மட்டும்தான் அடங்கும்” என்பார். மூன்று மொழிகளில் ‘தொடாதே’ என்று எழுதி அதன் நெற்றியில் ஒட்டியிருந்தார். அதற்குக் கீழே ஒரு திருநீற்றுக் கீற்றும் இருந்தது.

இப்படிப்பட்டவருக்கு எதிரி யார் என்று நினைக்கிறீர்கள்? வைரஸா? மின்வெட்டா? இடியா? இல்லை. அதெல்லாம் அவருக்கு உறவுக்காரர்கள். அவருடைய எதிரி, நன்றாக ஓடும் நாள்.

அந்த எதிரி டாக்டர் பராசக்தியின் உருவத்தில் வந்தார். அவர்தான் எங்கள் இயக்குநர். நிலையம் வளர்ந்து, தூரத்து ஊரான நீலாயில் புதுக்கட்டடம் எழும்பியிருந்தது. அங்கே இதைவிடப் பெரிய கணினிக்கூடம். அதற்குத் தலைவராகச் சத்தியசீலனைப் போட அவர் நினைத்தார். ஒரே ஒரு நிபந்தனை.

“ஒரு வாரம் லீவு எடுங்க சத்தியசீலன். தர்ஷிகா பாத்துக்கட்டும். நீங்க இல்லாம இங்க ஓடிச்சின்னா, நீலாய் உங்களுக்கு.”

தர்ஷிகா அவருக்குக் கீழே மூன்று வருடமாக வேலை செய்த பொறியாளர். அதிகம் பேசமாட்டார், பார்த்துக்கொண்டே இருப்பார்.

இந்த நீலாய் வேலை எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சத்தியசீலனிடம் கேட்காதீர்கள், அவர் மனைவி ரோகினியிடம் கேளுங்கள். ரோகினிக்கு நீலாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பதினோரு வருடமாக, இருட்டோடு எழுந்து சமைத்து வைத்துவிட்டு, பகாவிலிருந்து லோரிகளுக்கு நடுவில் கார் ஓட்டிப் போய், இருட்டியபின் திரும்பி வருகிறார். எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு அவர்களுடையது. அந்தக் காரின் சத்தத்தில்தான் நான் புரண்டு படுப்பேன். நீலாய்க்கு வீடு மாறினால் அந்தப் பெண் காலையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கலாம். அவ்வளவுதான் அவர் கேட்டது.

லீவுக்குக் கணவனும் மனைவியும் போர்ட்டிக்சனுக்குப் போனார்கள். கடலோரத்தில் அறை. முதல்நாள் போன் அடிக்கவில்லை. சத்தியசீலன் போனைத் தூக்கித் தூக்கி சிக்னல் பார்த்தார். இரண்டாம் நாளும் அடிக்கவில்லை. ரோகினி தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு நிற்க, இவர் மணலில் நின்றுகொண்டு, போன் கெட்டுவிட்டதோ என்று மனைவியின் போனிலிருந்து தன் போனுக்கே அடித்துப் பார்த்தார். நன்றாகத்தான் அடித்தது. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார்.

“எல்லாம் ஓடுதா?”

“ஓடுது சார்,” என்றார் தர்ஷிகா.

“முனியாண்டி?”

“நல்லா ஓடுது சார்.”

“சத்தம் போடுமே?”

“அந்த ஃபேன் தேஞ்சிருந்துச்சு சார். மாத்திட்டேன். இப்பச் சத்தமில்ல.”

வாசகரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கல்நெஞ்சக்காரனுக்கும் இரக்கம் வரும். இரண்டு வருடமாகத் தனக்கு மட்டுமே அடங்கிய முனியாண்டியை, ஒரு பெண் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் அடக்கிவிட்டாள். அவர் போனை வைத்தார். பிறகு, ‘சும்மா ஒரு பார்வை’ என்று சொல்லி லேப்டாப்பைத் திறந்தார்.

அங்கிருந்தபடியே சர்வர்களுக்குள் நுழைய அவருக்கு வழி தெரியும், அவருக்கு மட்டும். உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாம் பச்சை விளக்கு. மனசு தாங்குமா? புது விசிறி இவ்வளவு மெதுவாகச் சுற்றலாமா, சூடேறிவிடாதா, தர்ஷிகாவுக்கு என்ன தெரியும் என்று தானே ஒரு ஆபத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து காப்பாற்ற முனியாண்டியின் வேலையையெல்லாம் மதுரைவீரனுக்கு மாற்றிவிட்டார். மதுரைவீரனின் பழைய தகவல் வட்டுகளை, புதியவை போடுவதற்காகத் தர்ஷிகா அப்போதுதான் கழற்றி வெளியே வைத்திருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

எல்லாம் விழுந்தது. மரபணு இயந்திரம் பாதியில் நின்றது. சம்பளம் போட்டுக்கொண்டிருந்த என் திரையும் இருண்டது. ஹேமநாதன் தலையில் கைவைத்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார்.

போர்ட்டிக்சனில் போன் அடித்தது.

அப்போது கணவரின் முகத்தில் வந்த வெளிச்சத்தைக் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை என்று ரோகினி என் மனைவியிடம் சொன்னார். “தொடாதீங்க, எதையும் தொடாதீங்க, நான் வர்றேன்” என்று போனில் சொல்லிக்கொண்டே துணியை அள்ளிப் பையில் போட்டாராம். அன்று மாலை நிலையத்தில் மூன்று மொழிகளிலும் நன்றி சொல்லி, கைதட்டி வரவேற்றார்கள். தான் மாற்றியதைத் தானே திருப்பி மாற்றினார். எல்லாம் எழுந்தது. யாரோ அவருக்கு நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, வாங்கிக் கொடுத்தார்கள்.

“நல்லவேள, நீங்க வந்தீங்க,” என்றார் டாக்டர் பராசக்தி. “நீங்க இல்லாம இங்க ஒண்ணும் ஓடாது போல. உங்கள எப்படி நான் நீலாய்க்கு அனுப்புறது?”

சத்தியசீலன் அடக்கமாகத் தலைகுனிந்தார். அடுத்த மாதம் நீலாய் கணினிக்கூடத்துக்குத் தர்ஷிகா தலைவரானார். உள்ளே நுழைந்தது யார் என்று சர்வரிலேயே பதிவாகியிருக்கும், தர்ஷிகா அதைப் பார்த்திருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ரோகினி மட்டும் வீட்டில் கேட்டார். “நீங்க தொட்டப்பறம்தானே போன் வந்துச்சு?”

“நான் தொடலன்னா இன்னும் மோசமாயிருக்கும்லா.”

எனக்கு அந்த மனிதர்மீது கோபம் வந்தது, மறைப்பானேன். பன்னிரண்டாவது வருடமும் அந்தக் கார் இருட்டில்தான் கிளம்புகிறது. ஒரே ஒரு வித்தியாசம், இப்போது பக்கத்து இருக்கையில் தர்ஷிகா. இரண்டு பெண்களும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு போகிறார்கள். சத்தியசீலன் கைலியோடு வாசல் கேட்டருகே நின்று, “எதுனா பிரச்சனைன்னா போன் பண்ணுங்க” என்கிறார். “சரி சார்” என்கிறார் தர்ஷிகா. அந்தப் போன் இதுவரை அடிக்கவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அடுத்த தடவை ஊருக்குப் போயிருக்கும்போது வீட்டுக்குப் போன் போட்டு, ‘எல்லாம் சரியா இருக்கா?’ என்று கேட்பீர்கள். ‘சரியாத்தான் இருக்கு’ என்று பதில் வரும். அதன் பிறகு உங்கள் வாய் அடுத்த கேள்வியைக் கேட்கத் துடிக்கும் பாருங்கள், அதற்குள் போனை வைத்துவிடுங்கள். வீட்டில் யாரோ ஒருவர் அப்போதுதான் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கத் தொடங்கியிருப்பார்.