ஞாயிற்றுக்கிழமைக் கோழி வேகாதது குறித்து மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மாமனார் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கு நீங்களும் என் மகளும் நலமாக இருப்பதாகப் பக்கத்து வீட்டுத் தையல்காரர் மூலம் கேள்விப்பட்டேன். அவருக்கு அது எப்படித் தெரியும் என்பதை நான் தனியாக விசாரித்துக்கொள்கிறேன். தங்கள் பெற்றோருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். சொல்லும்போது உங்கள் அப்பாவின் முகம் எப்படிப் போகிறது என்று சற்றுக் கவனித்து வைக்கவும்.

போனில் பேசாமல் கடிதம் எழுதக் காரணம் உண்டு. மகள் நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. உங்கள் போனோ என் அலமாரியில் கம்பளிப் போர்வைக்குள் சுற்றிக் கிடக்கிறது. அன்று அதை உங்களிடமிருந்து வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் கிளம்பும்போது நீங்கள் அதைக் கேட்கவே இல்லை பாருங்கள், அது ஏன்? போனை மறந்துவிட்டுப் போகிற வயதா உங்களுக்கு? இந்த வீட்டில் நடக்கிற பேச்சைக் கேட்கத்தான் விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள் என்று எனக்குப் பட்டது. அதனால்தான் போர்வை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது நீங்கள் பரிசாகக் கொடுத்த கேஸ் கிரில் அடுப்பைப் பற்றியது இது. எவ்வளவு சூடு வேண்டும் என்று டிகிரியை வைத்துவிட்டால் போதும், தீயைக் கூட்டவும் குறைக்கவும் அதற்கே தெரியும், அணைந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும், கோழிக்குள் குத்தி வைக்கிற கம்பி உள்ளே எவ்வளவு வெந்திருக்கிறது என்று போனுக்குச் சொல்லிவிடும் என்றெல்லாம் அன்று விளக்கினீர்கள். ஆலையில் பாய்லர் அறை சூப்பர்வைசராகவே தலை நரைத்தவன் நான். என் பொறுப்பில் இருந்த எந்தப் பாய்லரும் ஒரு நாளும் தகராறு செய்ததில்லை. ஏனென்றால் நான் இடத்தை விட்டு நகர்ந்தால் வால்வு மூடியிருக்கும், திரும்பி வந்தால் திறந்திருக்கும். அதற்கு யோசிக்கக்கூட வேண்டாம், கை தானாகச் செய்யும், அப்படி ஊறிப்போன பழக்கம். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு, "நீ சும்மா இரு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிற அடுப்பைப் பரிசாகக் கொடுத்தால் அதற்கு என்ன அர்த்தம்? அப்போதே எனக்கு உறுத்தியது. நீங்கள் சிரித்துக்கொண்டே கொடுத்தீர்கள், நானும் சிரித்துக்கொண்டே வாங்கினேன். நீங்கள் அதிகம் பேசாத ஆள். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விருந்து எதற்காக என்பது நம் இருவருக்கும் தெரியும். நீங்கள் இருக்கிற வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். உங்கள் அப்பா தன் வீட்டுப் பின் அறையைத் தருகிறேன் என்கிறார். நான் உங்களுக்காகவே மாடி கட்டி வைத்திருக்கிறேன். எங்கே குடிபோவது என்று எல்லாரும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பேசி முடிவு செய்வதாக ஏற்பாடு. எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. என் மகள் மாடியில் நடக்கிற சத்தம் கீழே என் காதில் விழ வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். அந்த அக்கறையில்தான் மாடிச் சமையலறைக்குப் போகிற கேஸ் குழாயைக்கூடக் கீழேயிருந்து எடுத்து, அதன் வால்வை என் படுக்கையறைச் சுவரில் வைத்தேன். அதைக் காட்டியபோது மகள் ஏன் அப்படி முகத்தைச் சுளித்தாள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஆக, அன்றைய சமையல் எனக்கு விளையாட்டுச் சமையல் இல்லை. விடிந்ததிலிருந்து பின்பக்கம்தான் நின்றேன். கிரில்லைச் சமதரையில் நிறுத்தி, சிலிண்டரைப் பக்கத்தில் வைத்து, குழாய் இணைப்பில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்து, துடைத்து, மறுபடி தடவிப் பார்த்து, முழுக் கோழியை வைத்துக் கம்பியைக் குத்தி, சுற்றிலும் உருளைக்கிழங்கை அடுக்கி, நூற்றெண்பது டிகிரி என்று வைத்தேன். உங்கள் அத்தையைப் பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அடுப்பு என்றால் அவளுக்குக் கை சும்மா இருக்காது, எதையாவது திருகிவிட்டுப் போவாள். அவள் ஏதோ சொல்ல வந்தாள். நான் காதில் வாங்கவில்லை.

நான் நின்றவரைக்கும் அடுப்பு நல்ல பிள்ளையாக இருந்தது. நூற்றெண்பது என்றால் நூற்றெண்பது. வாசலில் உங்கள் கார் சத்தம் கேட்டு வரவேற்கப் போனேன். வாங்க வாங்க என்று உட்கார வைத்துவிட்டுத் திரும்பி வந்தால் சூடு பாதியாக இறங்கிக் கிடக்கிறது! முறைப்படி எல்லாவற்றையும் சரிபார்த்தேன், உடனே ஏற ஆரம்பித்துவிட்டது. சரி, புது அடுப்பு, கூச்சப்படுகிறது என்று விட்டேன். அப்புறம் தண்ணீர் குடிக்க உள்ளே போனால், நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டே, "மாமா, சூடு இறங்குது" என்கிறீர்கள். எப்படி நான் இந்தப் பக்கம் வந்ததும் அது அந்தப் பக்கம் இறங்குகிறது? மேஸ்திரி தலை மறைந்தால் உட்கார்ந்துகொள்கிற வேலையாள் மாதிரி! ஓடிப்போய்ப் பார்த்தேன், சரிபார்த்தேன், ஏறியது. அந்த நிமிஷம்தான் எனக்குப் பொறி தட்டிச்சு. அடுப்போட பேசற போன் யார் கையில இருக்கு? உங்க கையில. நான் எப்போ உள்ள வரேன்னு யாருக்குத் தெரியும்? உங்களுக்கு. கோழி கெட்டா யாருக்கு லாபம்? சம்பந்தி வீட்டுப் பின் அறைக்கு லாபம்! அதனாலதான் மணி பார்க்கணும்னு சொல்லி உங்க போனை வாங்கிப் பையில போட்டேன். என் கையில கடிகாரம் இருந்ததை நீங்க பார்த்தீங்க, ஆனா ஒண்ணும் சொல்லலை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்ல?

போன் என் பைக்கு வந்தப்புறமும் நான் நகர்ந்தா சூடு இறங்குது. அப்போ கூட்டாளி இருக்கணுமே. உங்க அப்பாவைப் பார்த்தேன். பின்பக்கம் மரத்தடியில நாற்காலியைப் போட்டு, சிலிண்டருக்கு நேரா, எதையோ வேடிக்கை பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருக்கார். பஸ் ஓட்டின மனுஷன், கண்ணாடியில பின்னால நடக்கிறதையெல்லாம் பார்த்துப் பழகினவர். ரெண்டு தடவை, "சம்பந்தி, அந்த சிலிண்டரை நீங்க..." என்று ஆரம்பித்தார். சிலிண்டரைப் பத்தி எனக்கே சொல்லித் தரீங்களா, கியரைப் பத்தி நான் உங்களுக்குச் சொன்னேனான்னு கேட்டேன். அதோடு வாயை மூடிக்கொண்டார். ஆனா சிரிப்பு மட்டும் போகலை. சரி, இவரை இடத்தை விட்டுக் கிளப்புவோம்னு மாடியைக் காட்டறேன் வாங்கன்னு கையோட கூட்டிட்டுப் போனேன். அவர் என் கண்ணெதிர்ல ஜன்னல் கம்பியைத் தடவிப் பார்த்து நல்லாயிருக்குன்னு சொல்லிக்கிட்டிருக்கார், என் பையில உங்க போன் கீச்சுனு கத்துது. எடுத்துப் பார்த்தா, சூடு இறங்குகிறது! அப்போ அவரும் இல்லை. நீங்களோ உள்ள உங்க அத்தையோட உட்கார்ந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தீங்க. மிச்சம் யாரு? மதிலுக்கு அந்தப் பக்கம் தையல்காரர்.

இனி கையும் களவுமாகத்தான் பிடிக்கணும்னு முடிவு பண்ணினேன். கொடியில உங்க அத்தை முந்தின நாள் காயப்போட்ட படுக்கை விரிப்புகள் அப்படியே தொங்கிச்சு. அடுப்பை நல்லா நூற்றெண்பதுக்கு ஏத்திட்டு, வீட்டுக்குள்ள போற மாதிரி போய், சுற்றி வந்து, விரிப்புக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னேன். ஈ காக்கை இல்லை. மதில் மேல தலை இல்லை. பூனை கூட வரலை. போனைப் பார்க்கிறேன், சூடு இறங்கிக்கிட்டே இருக்கு! ஒரு ஆள் கூட இல்லாம நடக்குதுன்னா எவ்வளவு பெரிய கை இதுல இருக்கணும்? என் சந்தேகம் உறுதியானதே அங்கதான். பொறுக்க முடியாம, "எல்லாரும் அப்படியே நில்லுங்க!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தேன். விரிப்பு என்னைச் சுற்றிக்கொண்டது, கொடி அறுந்தது, நான் உருளைக்கிழங்குக் கூடை மேலே போய் விழுந்தேன். சத்தம் கேட்டு எல்லாரும் ஓடி வந்தீர்கள். விரிப்புக்குள்ளேயிருந்தே நான் குற்றச்சாட்டை முழுசாகச் சொல்லி முடித்தேன். தலையை வெளியே எடுத்த பிறகுதான் தெரிந்தது, எதிரில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் உங்கள் அம்மா.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். கோழியை வெட்டினால் மேலே பொன்னிறம், உள்ளே ரத்தம். உங்கள் அப்பா ஒரு உருளைக்கிழங்கைக் கடித்து, பல் நல்லா இருக்கிறவங்களுக்கு ஏத்த பதம் என்றார். உங்கள் அத்தை எல்லாருக்கும் ரொட்டி சுட்டு, முட்டை பொரித்துக் கொடுத்தாள். மாடியைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. கிளம்பும்போது மகள் வாசலில் நின்று, மெதுவாகத்தான் சொன்னாள்.

"அப்பா, உங்க கண்ணுக்கு இந்த உலகத்துல ஒருத்தர் கூட நல்லவங்களா தெரிய மாட்டாங்களா? இந்த வீட்டு மாடியில நான் எப்படிப்பா இருப்பேன்?"

அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மகள் வாயிலிருந்து அந்த வார்த்தையை வரவழைத்தவர் யாராக இருந்தாலும் அவரை நான் விடப்போவதில்லை.

ஆகவே மாப்பிள்ளை, முடிவாகச் சொல்கிறேன். அந்தக் கிரில்லை வந்து எடுத்துக்கொண்டு போங்கள். வரும்போது உண்மையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். யார், எப்படி, எங்கிருந்து அதை இயக்கினார்கள் என்று ஒப்புக்கொண்டால் நான் பெரிய மனது பண்ணி மன்னிக்கிறேன். இல்லையென்றால் தாராளமாக உங்கள் அப்பாவின் பின் அறைக்கே போய்க்கொள்ளுங்கள். மாடியில் நான் வெங்காயம் காயப்போட்டுக்கொள்கிறேன். நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். இங்கே நெருப்பே இல்லாமல் போனதுதான் வழக்கு.

நீங்கள் இருவரும் எல்லா வளமும் பெற்று, குறிப்பாக நீங்கள் ஒப்புக்கொள்ளும் துணிவும் பெற்று, நெடுங்காலம் வாழ வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போட்டு, ஒட்டுவதற்குப் பசை எடுக்கச் சமையலறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து உங்கள் அத்தை, "போற போக்குல அடுப்பை மூடிட்டுப் போயிட்டீங்களே, பருப்பு பாதி வெந்து நிக்குது" என்றாள். நான் எங்கே மூடினேன் என்று சண்டைக்குப் போனேன். அவள் கரண்டியைக் கீழே வைக்காமலேயே சொன்னாள்.

"உங்க கை எப்பவும் அப்படித்தான். அடுப்புப் பக்கம் வந்தா, போகும்போது வால்வை மூடிட்டுத்தான் போகும். நான் பின்னாலயே வந்து திறந்துக்குவேன். கல்யாணம் ஆனதுலருந்து இதுதான் நடக்குது."

ஏன் இத்தனை காலமும் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நம்பவா போகிறீர்கள், யார் திறந்தது என்று விசாரணை வைப்பீர்கள் என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் சொல்ல வந்ததும் இதைத்தானாம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. போர்வையைப் பிரித்து உங்கள் போனை எடுத்து, சார்ஜ் ஏற்றி அவள் கையில் கொடுத்து, அவளையும் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போய்க் கிரில்லைப் பற்றவைத்தேன். பிறகு ஒன்றும் தெரியாத மாதிரி வாசல் பக்கம் நடந்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் அவள், "இப்போ உங்க கையைப் பாருங்க" என்றாள். வால்வைத் திருகிய கறை விரலில் இருந்தது. திருகியது எனக்குத் தெரியவே தெரியாது மாப்பிள்ளை. போன் கீச்சென்று கத்தியது. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றேன் அல்லவா, பிடிபட்டது என் கைதான். உங்கள் அப்பா மரத்தடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். சம்பந்தியைச் சபையில் தலைகுனிய வைக்கக் கூடாது என்று பேசாமல் இருந்திருக்கிறார். எனக்கு ரொம்ப வெட்கமாக இருக்கிறது. அவரிடமும் உங்கள் அம்மாவிடமும் நான் நேரில் வந்து பேசுகிறேன். அவர் முகத்தைக் கவனிக்கச் சொன்னதை விட்டுவிடுங்கள்.

மேலே எழுதியிருக்கிற எல்லாவற்றையும் கிழித்திருக்கலாம். எழுதிய ரிப்போர்ட்டைக் கிழிக்கிற பழக்கம் எனக்கில்லை, அதனால் அப்படியே அனுப்புகிறேன். படித்துவிட்டு என் மகளிடம் கொடுங்கள், அவளும் சிரிக்கட்டும்.

இதை எழுதும்போது குழாய் வேலைக்காரர் மாடியில் தட்டிக்கொண்டிருக்கிறார். என் படுக்கையறை வால்வைக் கழற்றியாகிவிட்டது. மாடிக்குத் தனி சிலிண்டர், அதன் வால்வு மாடிச் சமையலறைக்குள்ளேயே. மாடிக் கதவுக்குச் சாவி ஒன்றுதான், அது மகளிடம் இருக்கும். நீங்கள் பின் அறைக்கே போவதென்று முடிவு செய்தாலும் நான் யாரையும் சந்தேகப்பட மாட்டேன். மாடிக்கு வருவதென்றால், நான் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவேன். நான் கீழே இறங்கிப் போனதும் உங்களில் யாராவது பின்னாலேயே போய் அந்த வால்வை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.