காட்ட வேண்டிய ஆட்கள்: பூஜ்யம்

"அஞ்சு பேரை வச்சு விளையாடுறியே, இதுல நீ யாரு?"

உலக சரித்திரத்தை உலுக்கிய கேள்விகளுக்கு யாராவது பட்டியல் போட்டால் முதலிடம் இதற்குத்தான். இடம், கிர்கிஸ்தானின் பாலிக்ச்சி ஊர். நேரம், ஏரிக் காற்று கூரைத் தகட்டைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு காலை. கேட்டவள், கையில் தேநீர்க் கிண்ணத்தோடு நின்ற பெர்மெத். கேட்கப்பட்டவள், அவளுடைய பத்தொன்பது வயது நாத்தனார் சிர்கா.

"எல்லாரும்தான் அண்ணி" என்றாள் சிர்கா. அன்று முழுக்க அவள் பேசியது அவ்வளவுதான். பெரிய மூளைகள் வார்த்தையைச் சிக்கனமாகவே செலவிடும்.

சிர்கா ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். படிப்பு நன்றாகத்தான் வந்தது. ஆனால் பதில் தெரிந்தவர்கள் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்று அந்தப் பள்ளியில் ஒரு கொடிய விதி இருந்தது. அதனால் வீட்டுக்கு வந்து, இருபது வருடப் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றில் தஞ்சம் புகுந்தாள். அங்கேயும் ஒரு தொல்லை. ஐந்து பேர் கூட்டாகப் போனால்தான் எதையும் பிடிக்க முடியும். கூட்டு என்றால் பேச்சு.

இங்கேதான் அவளுடைய மேதைமை வெளிப்பட்டது. ஐந்து பேராகவும் தானே ஆகிவிட்டாள். ஒரே கம்ப்யூட்டரில் விளையாட்டை ஐந்து தடவை திறந்தாள். சிர்கா-1 கேடயம் தாங்குவாள், சிர்கா-2 வைத்தியம் பார்ப்பாள், மற்ற மூவரும் அடிப்பார்கள். ஒரு விசையைத் தட்டினால் ஐவரும் ஒன்றாக நடப்பார்கள். உலகத்தில் எந்தச் சபையிலும் காண முடியாத ஒற்றுமை.

குறை ஒன்றே ஒன்று. ஐந்து பேரும் ஒரே மானிட்டரில் நெருக்கியடித்ததில் எல்லாம் திக்கித் திக்கி நகர்ந்தது. வைத்தியச்சி மருந்தை நீட்டுவதற்குள் கேடயக்காரி செத்துப்போவாள். விளையாட்டில் பிடிக்க வேண்டிய பனிக்கோபுரம் ஆறு மாதமாகக் கைக்கு வரவில்லை.

பெர்மெத் கால்நடை மருத்துவ ஆபீஸில் வேலை பார்த்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை, சால்வையில் சுற்றிய பழைய மானிட்டர் ஒன்றோடு வந்து சேர்ந்தாள்.

"ஆபீஸ்ல தூக்கிப் போட இருந்தாங்க. டாக்டர்கிட்ட கேட்டு வாங்கிட்டேன்."

"கனமா இருந்துச்சா அண்ணி?"

"மினிபஸ்ல மடியிலயே வச்சிருந்தேன். பக்கத்து சீட்டுப் பெரியவர், 'குழந்தைக்கு எத்தனை மாசம்'னு கேட்டார். பதினேழு அங்குலம்னு சொன்னேன்."

சிர்கா சிரித்தாள். சத்தமில்லாமல்தான், ஆனாலும் சிரித்தாள். அதைப் பார்த்துத் தைரியம் வந்து பெர்மெத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"உங்க அண்ணன் மாஸ்கோவுக்கு என்னையும் வரச் சொல்றார். ஏதோ கிடங்குல பெட்டி ஒட்டுற வேலையாம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும்."

"போறீங்களா?"

"இந்த வீட்டுல பேச ஒரு ஆள் இருந்தா நான் ஏன் போறேன்? அத்தை புகைமீன் விக்க ரோட்டுக்குப் போயிடுறாங்க. நீ இதுக்குள்ள போயிடுற. நான் அடுப்புகிட்ட எத்தனை நாள்தான் பேசுறது? அதுவும் புகையைத்தான் விடுது." மானிட்டரைத் தொட்டுக் காட்டினாள். "நானும் இதுக்குள்ளயே வந்துடட்டா? ஆபீஸ்ல சாப்பாட்டு நேரம் ஒரு மணி நேரம் இருக்கு."

சிர்கா கணக்குப் போட்டாள். அண்ணி போய்விட்டால் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்குத் தேநீர் ஊற்றுவது யார்? அவர்களிடம் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்பது யார்? இவை தவிர இன்னொன்றும் தொண்டை வரை வந்தது. அதற்குப் பெயர் தெரியாததால் அது நிகழ்ச்சி நிரலில் சேர்க்கப்படவில்லை.

"வாங்க அண்ணி. மத்தியானம் சந்தைச் சதுக்கத்தோட வடக்கு வாசல்ல நிப்பேன். உங்களைச் சேர்த்துக்கறேன்."

அண்ணியை வரவேற்க வேண்டுமானால் விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓட வேண்டாமா? மறுநாள் காலையே 'செயல்திறன் மேம்பாட்டுக் கூட்டம்' கூடியது. ஐந்து உறுப்பினர்களும் வந்திருந்தார்கள். தலைமை சிர்கா. தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின.

பெரிய மானிட்டரில் கேடயக்காரி மட்டும், ஆபீஸ் மானிட்டரில் மற்ற நால்வர். அந்த நால்வருக்கும் படம் நொடிக்குப் பத்துத் தடவை மாறினால் போதும். புல் வேண்டாம். நிழல் வேண்டாம். ஏரித் தண்ணீர் அசைய வேண்டாம், ஊரில் நிஜ ஏரி அசைவதே அதிகம். சத்தம் வேண்டாம். அக்கம்பக்கத்துப் பேச்சு காட்டும் பெட்டி வேண்டாம், மூடு. கடைசியாகச் செட்டிங்கின் அடியில் ஒரு வரி இருந்தது: 'காட்ட வேண்டிய பிற ஆட்களின் எண்ணிக்கை'. அது இருநூறில் நின்றது. சிர்கா அதைப் பிடித்துப் பூஜ்யத்துக்கு இழுத்தாள்.

அடடா, என்ன வேகம். ஐந்து பேரும் வெண்ணெயில் விட்ட கத்தி போல ஓடினார்கள். சந்தைச் சதுக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. உலகம் இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவளுக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை பெர்மெத் மாவு பிசைந்துகொண்டே சொன்னாள்.

"நேத்தும் வந்தேன் காதழகி. உன் முன்னாடியேதான் நின்னேன்."

காதழகி என்பது சிர்காதான். புகுந்த வீட்டு ஆட்களின் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. ஊரில் பாதிப் பேர் இதை மறந்துவிட்டார்கள், சிர்காவின் அம்மா மறக்கவில்லை. சிர்கா என்றால் காதணி. ஆகவே பெர்மெத் நகைக் கடையில்கூட "காதுல தொங்குறதைக் காட்டுங்க" என்றுதான் கேட்பாள்.

"யாருமே இல்லையே அண்ணி."

"அஞ்சு பேரும் வரிசையா நின்னீங்க. கேடயக்காரி தலையில சிவப்புத் தொப்பி."

"அது நான்தான். ஆனா நீங்க இல்ல."

"நான் இருந்தேன்டி. கைகூட ஆட்டினேன். எந்த விசைன்னு தேடிக் கண்டுபிடிச்சு ஆட்டினேன்."

ஒரு மேதை தான் அணைத்துவைத்த பொத்தான்களையெல்லாம் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். சிர்கா ஒரு நிபுணரின் இரக்கத்தோடு விளக்கினாள்.

"உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் பழசு அண்ணி. வந்துட்ட மாதிரி உங்களுக்குத் தெரியும், இங்க வந்து சேராது."

"அப்படியா?" பெர்மெத் நம்பினாள். நிபுணர் சொன்னால் நம்பத்தானே வேண்டும்.

"பேர் போட்டுச் செய்தி அனுப்புங்க. எங்க இருந்தாலும் வந்துடும். சிர்கா-1னு அடிச்சா போதும்."

பெர்மெத்தின் கை மாவில் நின்றுவிட்டது. பக்கத்து அறையில் மாமியார் மீனைக் கூடையில் அடுக்கும் சத்தம் கேட்டது.

"வாயால சொல்லக் கூடாதுன்னா, விரலால அடிக்கலாமா?"

"தெரியல அண்ணி."

"அத்தைகிட்ட கேட்டுச் சொல்றியா?"

இருவரும் அந்தக் காட்சியைக் கற்பனை செய்து பார்த்தார்கள். பிறகு இருவரும் மாவைப் பார்த்தார்கள்.

"கிட்ட நின்னு சாதாரணமா பேசினா உனக்குக் கேக்காதா?"

"கேக்கும்" என்றாள் சிர்கா. மிகுந்த பொறுப்போடுதான் சொன்னாள்.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நாள்தோறும் மதியம் சிர்கா வடக்கு வாசலில் ஐந்து பேரையும் நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம் காலி வாசலைப் பார்த்தபடி காத்திருந்தாள். அண்ணிக்கு மனம் மாறிவிட்டது போல என்று ஐந்து பேரும் வருத்தப்பட்டார்கள். மாலையில் பெர்மெத் வீடு திரும்பி ரொட்டி சுட்டாள். இப்போதெல்லாம் எதுவும் கேட்பதில்லை. சிர்காவும் கேட்கவில்லை. கேட்பதற்கு வாயைத் திறக்க வேண்டுமே.

மாஸ்கோவுக்குப் பதில் சொல்ல வேண்டிய வெள்ளிக்கிழமை முற்பகல் பனிக்கோபுரம் விழுந்தது. வைத்தியச்சி ஒரு கணமும் பிந்தவில்லை. கேடயக்காரியின் திரையில் படம் நொடிக்கு அறுபது தடவை மாறியது, அதில் ஒன்றுகூடக் குறையவில்லை. மத்தியானம் கொடியோடு ஐந்து வீராங்கனைகளும் வடக்கு வாசலுக்கு வந்து நின்றார்கள். இந்த வெற்றியை ஒரு படம் பிடித்து அண்ணியிடம் காட்டலாம், அப்படியே 'போகாதீங்க' என்று சொல்லலாம் என்று சிர்கா முடிவு செய்தாள். முழு வாக்கியத்தையும் மனதுக்குள் நான்கு முறை ஒத்திகை பார்த்துக்கொண்டாள்.

படத்தில் கூட்டம் இருந்தால்தானே வெற்றிக்கு மதிப்பு? செட்டிங்கைத் திறந்து, ஆட்களைப் பூஜ்யத்திலிருந்து இருநூறுக்குத் தள்ளினாள்.

சதுக்கம் நிரம்பியது. சிவப்புத் தொப்பிக்கு நேர் எதிரே, ஓரடி தூரத்தில், புதியவர்களுக்குத் தரும் பருத்திச் சட்டையோடு ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். செருப்பு இல்லை. தலைக்கு மேலே 'மருமகள்' என்று பெயர்.

சிர்கா பேச்சுப் பெட்டியையும் திறந்தாள். விளையாட்டை அவள் நாள்கணக்கில் மூடாமல் வைத்திருந்ததால், மூடிய பெட்டிக்குள் எல்லாம் பத்திரமாகச் சேர்ந்திருந்தது.

"காதழகி, வந்துட்டேன்."

"காதழகி, நான் நிக்கிற இடம் சரியா?"

"இன்னைக்கு நாற்பது ஆட்டுக்குக் காதுல அடையாள வில்லை போட்டோம். ஒண்ணு டாக்டர் தொப்பியைத் தின்னுடுச்சு. சிரிப்பியோன்னு பார்த்தேன்."

"இங்க ஒருத்தன் வந்து, அந்த அஞ்சும் பொம்மை, பேசாதுன்னு சொல்றான். என் நாத்தனார்னு சொல்லிட்டேன்."

"உங்க அண்ணன் திரும்பக் கேட்டார். நாளைக்குச் சொல்றேன்னேன்."

கடைசி வரி இன்றையது. "காதழகி, ஒரு வார்த்தை."

சிர்கா பதில் அடிக்கப் போனாள். ஒத்திகை பார்த்த வாக்கியம் போன இடம் தெரியவில்லை. ஒரே ஒரு சொல்லை அடித்தாள். ஒரு விசையைத் தட்டினால் ஐவரும் செய்வார்கள் அல்லவா? இரண்டு மானிட்டரிலும் ஐந்து வாய்கள் ஒரே குரலில், ஒரே நொடியில் பேசின.

"அண்ணி." "அண்ணி." "அண்ணி." "அண்ணி." "அண்ணி."

பருத்திச் சட்டைக்காரி அந்த ஐந்து முகங்களையும் பார்த்தபடி நின்றாள். ஐந்து வாயில் ஒரே சொல்; அந்த ஆள் சொன்ன பொம்மைகள் பேசினால் யாரும் அப்படித்தான் நிற்பார்கள். பிறகு திரும்பினாள். வெறுங்காலோடு வாசலைத் தாண்டி நடந்து மறைந்தாள்.

எந்தத் தடங்கலும் இல்லை. திரையில் வரைய வேண்டிய ஆட்களில் ஒருத்தி குறைந்ததால், வேகம் ஒரு புள்ளி கூடியது.