மூன்றாம் தடவை சம்மதிப்பவர்

தாழ்மைக்காரர் என்றொரு இனம் உண்டு. கோயிலானாலும் கூட்டமானாலும் கல்யாண வீடானாலும் கடைசி வரிசையில்தான் உட்காருவார்; யாராவது வந்து கையைப் பிடித்து முன்னால் இழுக்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். உலகம் முதலிடத்துக்கு அடித்துக்கொள்கிறது, கிறிஸ்தவர்களான நமக்குக் கடைசி இடம் போதும் என்பார். இழுக்க ஆள் வரத் தாமதமானால்? இருமுவார்.

வடக்கனந்தல் பக்கத்து ஆரோக்கியதாஸ், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், இந்த இனத்தில் கலப்படமில்லாத ரகம். எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை வேண்டாம் என்பார், மூன்றாம் தடவை வாங்கிக்கொள்வார். காபிக்கே அப்படித்தான். கோயில் பங்கு மக்களும் அதற்குப் பழகிப்போயிருந்தார்கள்.

இந்த வருஷம் அவருக்கு ஒரே ஆசை. பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, சாமியார் பன்னிரண்டு பேருக்குக் காலைக் கழுவுவாரே, அந்தப் பன்னிரண்டில் தானும் ஒருவராக வேண்டும். மகள் ஏஞ்சலினுக்குப் பொங்கல் கழிந்துதான் நிச்சயம் ஆனது. உளுந்தூர்பேட்டைச் சம்பந்தி வீட்டார் அன்று பூசைக்கு வருகிறார்கள். இவருக்கு ஊரில் உள்ள மரியாதையை அவர்கள் பார்க்க வேண்டாமா? ஒரு வாரமாகக் குதிகாலைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து, கழுவுகிறவருக்கு வேலையே இல்லாமல் செய்துவிட்டார்.

அந்த வியாழனுக்கு முந்தின குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும், புதிதாக மாற்றலாகி வந்த சாமியார் நேரே கடைசி வரிசைக்கு வந்தார்.

"சார், வியாழக்கிழமை கால் கழுவ நீங்களும் வந்து உக்காரணும்."

"ஐயோ சாமி, எனக்கு இன்னா தகுதி இருக்குது? வேற யாரையாவது கூப்புடுங்க."

சாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படி ஒரு தாழ்மைய நான் பார்த்ததே இல்ல, சார்" என்று கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற உரக்கடை பிரிட்டோவைக் கேட்டார். "வந்துடறேங்க சாமி" என்றார் அந்த மனுஷன், கொஞ்சம்கூட யோசிக்காமல்.

ஆரோக்கியதாஸ் இருமிப் பார்த்தார். இரண்டாம் தடவை எங்கே? மூன்றாம் தடவை எங்கே?

"போயி, நானும் வரேன் சாமின்னு சொல்லிட்டு வாங்களேன்" என்றாள் மனைவி பாத்திமா.

"நானா போயி கேக்கறதா? நாம இன்னா உலகத்தாருங்க மாதிரியா?"

வியாழக்கிழமை சம்பந்திகள் முன்வரிசையில் இருந்தார்கள். "நம்ம பங்குல ஒருத்தர், தனக்குத் தகுதி இல்லன்னு விலகிட்டார்" என்று பிரசங்கத்தில் ஆரம்பித்தார் சாமியார். ஆரோக்கியதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெயர் வரவில்லை. சொன்னால் தாழ்மையுள்ளவருக்குச் சங்கடமாக இருக்குமாம்! பிறகு பிரிட்டோவின் வெடித்த குதிகாலைக் கழுவி, துடைத்து, முத்தமும் கொடுத்தார். பாவம், ஆரோக்கியதாஸுக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

வெளியே வந்ததும் சம்பந்தி கேட்டார்: "யாருங்க அந்த நல்ல மனுஷன்?"

ஆரோக்கியதாஸ் வாயைத் திறப்பதற்குள் பாத்திமா முந்திக்கொண்டாள்: "தெரியலீங்களே. வெளிய தெரிஞ்சா அப்புறம் இன்னா தாழ்மை?"

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். நாளைக்கு உங்களை யாராவது மேடைக்கு அழைத்தால் மட்டும், "ஐயோ, நான் எதுக்குங்க" என்று வாயெடுப்பதற்கு முன்னால் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள்: கூப்பிடுகிறவர் ஊருக்குப் புதுசா?