டேமியனின் முழங்காலுக்காக ஒரு பூசை

செப்டெம்பர் மாதத்தில் எந்தக் குவாட்டர்பேக்கைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லக்கூடாது. மூன்று ஆட்டம் முடிவதற்குள் ஒருவனை மேதை என்பவரும் மூடன் என்பவரும் நவம்பரில் வாயைப் பொத்திக்கொண்டு திரிய நேரிடும். இந்த விதி நன்றாகத் தெரிந்திருந்தும் நான் சும்மா இருக்கவில்லை. அபிப்பிராயம் சொன்னேன். அதோடு நிற்காமல் பூசையும் வைத்தேன். (பாவசங்கீர்த்தனத்தில் இதைப் பங்குச் சுவாமியாரிடம் சொல்லியாயிற்று. அவர் சிரித்த சிரிப்பில் மன்னிப்புச் செபத்தைப் பாதியில் விட்டுவிட்டார். அந்த மன்னிப்புச் செல்லுமோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.)

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் கணிதம் படித்தவள். இத்தாலியின் பலேர்மோவில் இருபத்தைந்து வருடமாக வயதான சின்னோராமாரை, அதாவது இத்தாலிய அம்மாமாரை, குளிப்பாட்டி, சூப் பருக்கி, அவர்களுடைய பிள்ளைகள் ஏன் போன் எடுக்கவில்லை என்பதற்குச் சமாதானம் சொல்லி வருகிறேன். என்னுடைய ஒரே மகள் டிலானி மேற்படிப்புக்காக அமெரிக்காவுக்குப் போனபின், அந்தச் சமாதானங்களை எனக்கே சொல்லிக்கொள்ளும் நிலை வந்தது.

அவள் ஒவ்வொரு ஞாயிறும் தவறாமல் எடுப்பாள். ஆனால் என்ன கதைப்பது?

"சாப்பிட்டியா பிள்ளை?"

"ஓம் அம்மா."

"குளிரோ?"

"ஓம் அம்மா."

"கம்பளிச் சட்டை போட்டனியே?"

"மாதோன்னா! ஓம் அம்மா." (சலித்தால் அவளுக்கு மாதாவும் இத்தாலியத்தில்தான் வருவா.)

நாலு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு நாள் அவளாகவே, "இஞ்சை ஞாயிறு எண்டா கோயில் இல்லை, புட்போல்தான்" என்று சொல்லி ஒரு படம் அனுப்பினாள். தெரு முழுக்க ஒரே நிறச் சட்டை போட்ட சனம். எனக்கு அது போதுமாக இருந்தது. அடுத்த ஞாயிறே அந்த நகரத்து அணியின் ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கினேன். அங்கே மத்தியானம் ஒரு மணி, இங்கே பின்னேரம் ஏழு மணி. புட்டு அவித்துக்கொண்டே பார்க்கலாம்.

அமெரிக்கர்கள் புட்போல் என்று சொல்வது பந்தைக் கையால் தூக்கிக்கொண்டு ஓடும் விளையாட்டு. அதில் குவாட்டர்பேக் என்பவர்தான் ஒவ்வொரு முறையும் பந்தை முதலில் வாங்குபவர். எதிரணியின் நாலைந்து மலைகள் தன்மேல் சரிவதற்கு முன், மூன்று செக்கனுக்குள் பந்தை யாருக்கு எறிவது என்று அவர் முடிவெடுக்க வேண்டும். சரிவந்தால் பிடித்தவனுக்குப் புகழ். பிழைத்தால் பழி முழுக்க இவர் தலையில். (தாய்மாருக்கு இந்த உத்தியோகத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை.)

இரண்டே மாதத்தில் நான் எல்லாக் குவாட்டர்பேக்குகளையும் பற்றி அபிப்பிராயம் உடையவளாகிவிட்டேன். நாற்பது வயதாகியும் ஓய்வு பெற மறுத்த ஒருவரைக் கண்டால், 'வீட்டில் மனிசிக்காரி ஒன்றும் சொல்ல மாட்டாளோ' என்று எரிச்சல் வரும். புதிதாக வந்த ஒரு பொடியன், கலியாண வீட்டுப் பரிசைப் பக்கத்து மண்டபத்தில் கொடுத்துவிட்டு வருபவன்போலப் பந்தை எப்போதும் எதிரணிக்காரன் கையில் கொடுத்துக்கொண்டிருந்தான். டிலானியின் நகரத்து அணிக் குவாட்டர்பேக், எங்களுடைய டேமியன் (அப்போதே 'எங்களுடைய' ஆகிவிட்டார்) நல்ல எறிகாரர். ஒரே ஒரு குறை. பந்தைக் கைவிடத் தெரியாது. எல்லாரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டே நிற்பார். அதற்குள் ஆளை விழுத்திவிடுவார்கள்.

"அப்பிடியே உங்களை மாதிரி அம்மா" என்றாள் டிலானி.

நாலு நிமிடம் இருபத்தைந்து நிமிடமானது. நான் குவாட்டர்பேக்கைத் திட்ட, அவள் அவருக்குப் பரிந்து கதைக்க, எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் பிழைத்துக்கொண்டன. கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் விளையாட்டென்று ஒப்புக்கொள்ளாத என் கணவர், "தலைக்கவசம் போட்டுக் கட்டிப்பிடிச்சு உருளுறதுக்கு ஒரு ஆட்டமே?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போவார்.

இரண்டாவது செப்டெம்பர் வந்தது. சீசனின் மூன்றாவது ஞாயிறு. டிலானியின் குரல் ஈரத் துணிபோல இருந்தது.

"என்ன பிள்ளை, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை அம்மா. டேமியனுக்கு முழங்கால் போட்டுது. ஒப்பரேசன் எண்டு கதைக்கினம். இஞ்சை எல்லாருக்கும் கவலை" என்றாள். வேலை கிடக்கு என்று வைத்துவிட்டாள்.

அன்று நாலு நிமிடம்கூட இல்லை. எனக்கு ஒரு கிழமையாக நித்திரை இல்லை. முழங்காலுக்காக ஒரு பிள்ளை இப்படி உடைந்துபோகுமா என்று ஒரு கணித மாணவி யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. அவளுடைய கவலைக்குக் காரணம் முழங்கால். முழங்கால் மாறினால் கவலை மாறும். சூத்திரம் சரி, ஆகவே விடையும் சரி என்று முடிவெடுத்து, தமிழ்ப் பூசைக்குப் போய் மன்றாட்டுக் கருத்துக்கள் எழுதும் கொப்பியில் எழுதினேன்: 'டேமியன், அமெரிக்கா, முழங்கால். ஒப்புக்கொடுப்பவர்: டிலானியின் அம்மா.'

"உமக்கு ரெண்டு வருசமா முழங்கால் வலி. அதுக்கு ஒரு செபமாலை சொன்னனீரே?" என்று கணவர் கேட்டது நியாயம்தான். அவர் ரெஸ்ரோரண்ட் வேலைக்குப் போய்விட்டார். நான் தனியாகப் பூசைக்குப் போனேன்.

இங்கேதான் ரெஜினா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மன்னார்க்காரி. நகரத்தின் மறுகோடியிலுள்ள பிரான்காச்சோவிலிருந்து பஸ் பிடித்து வந்து எங்கள் பூசையில் மன்றாட்டு வாசிப்பவர். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி வாசிப்பது பக்திக்குறைவு என்பது அக்காவின் கொள்கை. ஒருமுறை ஒருவர் 'தொலைந்த பெர்மெஸ்ஸோ கிடைக்க' என்று எழுதப்போய், இருப்பிட அனுமதி அட்டையைக் காணாமற்போன செம்மறியாட்டுடன் ஒப்பிட்டு அக்கா மூன்று நிமிடம் மன்றாடினார்.

அன்று அக்கா மைக்கைப் பிடித்தார்.

"எங்கள் அன்பு மகள் டிலானியின் நெஞ்சுக்கு நெருக்கமானவரும், தொலைதூர அமெரிக்க மண்ணிலே முழங்கால் முறிந்து படுக்கையில் கிடந்து வேதனைப்படுபவருமான டேமியன் அவர்கள், எழுந்து நடமாடி, குடும்பப் பொறுப்புக்களை ஏற்றிட..."

சபை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று எல்லாரும் சொன்ன சத்தத்தில், வேறு எந்த மன்றாட்டுக்கும் இல்லாத ஓர் உசார் இருந்தது.

பூசை முடிய வாசலில் சுற்றி வளைத்தார்கள்.

"ஏனப்பா எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?" என்றார் ரெஜினா அக்கா. "ஆள் எங்கடை வேதமோ?"

"தெரியேல்லை அக்கா. ஆனா எறிய முதல் ஒவ்வொருக்காலும் சிலுவை போடுறவர்."

"எறியவோ? என்னத்தை?"

"பந்து."

"ஓ, விளையாட்டு வாத்தியார்! நல்ல உத்தியோகம். டிலானி எப்பிடி இருக்கிறாள்? தாங்குறாளோ?"

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அரை நிமிட வேலை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். டிலானி போன புதிதில் எல்லாரும் அவளைப் பற்றி விசாரிப்பார்கள். பிறகு அது குறைந்து, கடைசியாக யாருமே கேட்பதில்லை. அவள் இல்லாதது எல்லாருக்கும் பழகிவிட்டது, எனக்கு மட்டும் பழகவில்லை. அன்று பத்துப் பேர் ஒரே நேரத்தில் என் பிள்ளையின் பெயரைச் சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க ஆசையாக இருந்தது. நான் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஓம் அக்கா, தாங்குறாள்" என்றேன்.

எங்கள் பூசை நேரலையாக உலகம் முழுக்கப் போகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை யாரும் உண்மையில் பார்க்கிறார்கள் என்று தெரியாது. நான் எங்கள் ஒரேத்தோத் தெருவில் பஸ்ஸால் இறங்கும்போது கணவர் போன் எடுத்தார். பின்னால் சட்டிபானைச் சத்தம்.

"இஞ்சேரும், எனக்கொரு மருமகன் வந்திருக்கிறானாம். எனக்கு எப்ப சொல்லுறதா இருந்தனீர்?"

"ஐயோ, அது குவாட்டர்பேக் அப்பா!"

"எனக்கு விளங்குது. ரொறன்ரோவிலை என்ரை அக்காவுக்கு விளங்கேல்லை. அவ ஆட்டுக்கால் வாங்கப் போயிட்டா."

என் மச்சாள் நல்லவர். அதுதான் பிரச்சினை. எலும்பு முறிவென்று கேள்விப்பட்டால் ஆட்டுக்கால் சூப் வைக்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. நாங்கள் மாறி மாறி எடுத்தும் மச்சாளும் எடுக்கவில்லை, அன்று டிலானியும் எடுக்கவில்லை. (மச்சாளுக்கு அடுப்படியில் நிற்கும்போது போன் கேளாது, கார் ஓடும்போது அதைத் தொடமாட்டார். சட்டத்துக்கு அடங்கிய குடும்பம்.) ஐந்து மணித்தியாலம் ஓடி, எல்லை கடந்து, மறுநாள் மத்தியானம் டிலானியின் கதவைத் தட்டிவிட்டார்.

பின்னேரம் டிலானி எடுத்தாள்.

"அம்மா, மாமி வந்து நிக்கிறா. கையிலை ரெண்டு ஃபிளாஸ்க். 'டேமியன் எங்கை, மறைக்காதை' எண்டு அறையறையாப் பாக்கிறா. என்னோடை இருக்கிற பிள்ளையின்ரை சட்டை கதிரையிலை கிடக்கு, முதுகிலை டேமியன் எண்டு கொட்டை எழுத்திலை. அதைத் தடவிப் பாத்திட்டு 'நல்ல அகலமான தோள்' எண்டு சொல்லுறா!"

"பிள்ளை, நான் விளங்கப்படுத்திறன்..."

"என்ரை பேராசிரியரோடை கதைக்கவேணுமாம், ஆசுப்பத்திரிச் செலவுக்கு! உங்களுக்கு என்ன விசரோ அம்மா? நான் இஞ்சை இருக்கிற நிலைமை உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியாது. அதைத்தான் நான் ஒரு வருடமாக அறிய முயன்றுகொண்டிருந்தேன். ஆனால் அவள் போனை வைத்துவிட்டாள்.

அதன்பிறகு மூன்று ஞாயிறு அவள் எடுக்கவில்லை. அனுப்பிய செய்திகளுக்குக் கட்டைவிரல் படம் மட்டும் வந்தது. நான் ஏழு மணிக்கு ஆட்டத்தைப் போட்டுவிட்டு இருப்பேன். டேமியனுக்குப் பதிலாக இறங்கியவர் பயந்தாங்கொள்ளி. மூன்று செக்கன் கிடைத்தாலும் ஒரு செக்கனில் எறிந்துவிடுவார். அதைச் சொல்ல எனக்கு ஆளில்லை. ஒருநாள் நான் பராமரிக்கும் சின்னோராவிடம் சொன்னேன். அவ என் கன்னத்தைத் தடவி, "மகள் இன்னும் எடுக்கவில்லையா?" என்று கேட்டா. எத்தனை வருடம் நான் அவவுக்குச் சொன்ன சமாதானங்கள்! அத்தனையையும் வரிசையாக எனக்குத் திருப்பிச் சொன்னா. 'வேலையாக இருப்பாள், நேர வித்தியாசம், நாளைக்கு எடுப்பாள்.' அவை எவ்வளவு மோசமான சமாதானங்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நாலாவது ஞாயிறு, ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கப் போன் அடித்தது.

"அம்மா, டேமியன் இண்டைக்கு இறங்குறார். ஒப்பரேசன் தேவைப்படேல்லையாம்."

"ரெஜினா அக்கா கேட்டா நிலத்திலை நிக்கமாட்டா" என்றேன்.

இரண்டு பேரும் போனைத் திறந்து வைத்துக்கொண்டு ஆட்டம் பார்த்தோம். இரண்டாவது கால்பகுதியில் அவள் சொன்னாள், "அம்மா, எனக்கு இந்த விளையாட்டு ஒரு சொட்டும் விளங்காது."

"என்ன?"

"நீங்கள் ஆசையாக் கதைக்கிறியள் எண்டு, எடுக்க முதல் என்னோடை இருக்கிறவளிட்டை ரெண்டு விசயம் கேட்டுப் பாடமாக்கிப்போட்டுத்தான் எடுக்கிறனான்."

அவள் நிறுத்தவில்லை.

"அண்டைக்கு முழங்கால் எண்டது சும்மா அம்மா. அந்தக் கிழமை ஒரு சோதனையிலை ஃபெயில். கதைக்க ஒருத்தரும் இல்லை. திரும்பி வந்திடுவமோ எண்டு இருந்தது. நீங்கள் குரலைக் கேட்டுப் பிடிச்சிட்டியள். அழுதிடுவன் எண்ட பயத்திலை ரீவியிலை ஓடினதைச் சொன்னன்."

"பிறகு?"

"பிறகென்ன, மாமி வந்தா. கத்தினன். மருமகன் இல்லையெண்டு நம்பவே ரெண்டு மணித்தியாலம் எடுத்துது. பிறகு சூப்பை நான்தான் குடிச்சன். ரெண்டு ஃபிளாஸ்க்கும். குடிச்சிட்டு மாமியின்ரை மடியிலை கிடந்து அழுதன். மாமி ஏனெண்டு கேக்கவேயில்லை. மிளகு காரமெண்டு நினைச்சிருப்பா."

திரையில் டேமியன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரையோ தேடிக்கொண்டு நின்றார். "எறி, எறி!" என்று நான் கத்தவில்லை. அன்றைக்கு மட்டும் அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கட்டும் என்று இருந்தது.

அந்தச் சோதனையை அவள் மறுபடி எழுதிச் சித்தியடைந்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். டேமியனை அந்த அணி போன வருடம் வேறோர் அணிக்குக் கொடுத்துவிட்டது. நாங்கள் கொடுக்கவில்லை. வீட்டில் ஆட்டுக்கால் சூப் வைத்தால் கணவர் ஒரு கோப்பையைத் தள்ளி வைத்து, "இது மருமகனுக்கு" என்பார். உண்மையை நான் பூசை முடிய வாசலில் நின்று எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். பயனில்லை. "மருமகன்ரை முழங்கால் எப்பிடி?" என்று பஸ் தரிப்பில்கூடக் கேட்கிறார்கள். டிலானி இப்போது பாடமாக்குவதில்லை. அவளுக்குக் கதைக்க வேறு விசயங்கள் இருக்கின்றன, சில வேளைகளில் அழுதும் கதைக்கிறாள். பலேர்மோத் தமிழரில் அந்த ஆட்டத்தை மெய்யாகவே விரும்பிப் பார்த்துக்கொண்டு மிஞ்சியவள் நான் ஒருத்திதான்.

இந்த வருடம் செப்டெம்பரின் முதல் ஞாயிற்றுப் பூசை. நான் கொப்பியில் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் ரெஜினா அக்கா எல்லா மன்றாட்டையும் வாசித்து முடித்து, தாளை மடித்து, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மைக்கில் தானாகவே சொன்னார்: "தொலைதூரத்தில் இருக்கும் டேமியனின் முழங்காலுக்காகவும் ஆண்டவரை மன்றாடுவோம்."

சபை சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரே குரலில் மன்றாடியது. யாருக்காக மன்றாடுகிறோம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. பூசை நேரத்தில் பார்க்கக்கூடாதுதான். பார்த்தேன்.

'அம்மா, குனிஞ்சு நிண்டு சிரிக்காதேங்கோ. கமராவிலை தெரியுது.'