மச்சான் மென்ற மணிக்கூண்டு

பொழுதுபோக்கு வைத்திருப்பவர்களிடமிருந்து கல்யாணப் பரிசு வாங்கவே கூடாது. கடையில் வாங்கிய குக்கர் என்றால் சோறாவது வேகும்.

என் பொழுதுபோக்கு, பழைய கட்டடங்களின் முகப்பை பிளாஸ்டர் ஒஃப் பாரிஸில் சின்னதாகச் செதுக்குவது. முகப்பு மட்டும்தான், பின்னால் வெறும் பலகை. (அம்மா ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பின்பக்கம் எப்ப கட்டுவ?" என்பார்.) அக்காவின் கல்யாணத்துக்குப் பதுளையில் உள்ள பழைய தேவாலயம் ஒன்றின் முகப்பைச் செய்தேன். ஊசியாலும் கொண்டை ஊசியாலும் சுரண்டிச் சுரண்டி ஜன்னல், படி, உச்சியில் மணிக்கூண்டு எல்லாம் கொண்டுவந்தேன். வர்ணம் பூசவில்லை. வெள்ளையாக விட்டால்தான் வேலைப்பாடு தெரியும் என்று எல்லோரிடமும் சொன்னேன். (உண்மையில் நேரம் போதவில்லை.)

கல்யாணத்தன்று நல்ல மழை. வெலிமடையிலிருந்து கேக் கொண்டுவந்த வேன், வழியில் மண் சரிந்ததால் ஹாலிஎலயிலேயே நின்றுவிட்டது. மண்டபப் பொறுப்பு சித்தப்பாவுடையது. அவரிடம் இதை யாரும் சொல்லவில்லை. மேடையில் கேக் மேசை காலியாக இருந்தது. பரிசு மேசையில் வெள்ளைவெளேரென்று ஒரு கோயில் நின்றது. யாரோ இடம் மாற்றி வைத்துவிட்டார்கள் என்று நினைத்த சித்தப்பா, அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கேக் மேசையில் வைத்து, சுற்றிலும் ரோஜா இதழ்களையும் தூவிவிட்டார். (நல்ல கனமாக இருந்ததாம். தரமான கேக் என்று சந்தோஷப்பட்டாராம்.)

நான் சாப்பாட்டுப் பக்கத்திலிருந்து வந்தபோது அறிவிப்பாளர் மைக்கில் அந்தக் கேக்கைப் புகழ்ந்துகொண்டிருந்தார். மண்டபமே கைதட்டியது. என் வேலைக்கு யாரும் கைதட்டி நான் அதுவரை பார்த்ததில்லை. தட்டி முடிக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நின்றுவிட்டேன்.

அதற்குள் அக்காவும் மச்சானும் கத்தியை எடுத்துவிட்டார்கள். கத்தி இறங்கவில்லை. ஐசிங் கெட்டியாம் என்று அக்கா சிரித்துச் சமாளித்தாள். படம் எடுப்பவர் இன்னும் கொஞ்சம் அழுத்தச் சொன்னார். மச்சான் தெமோதரைப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். கையில் பலம் அதிகம். அழுத்தினார். மணிக்கூண்டு தெறித்து ரோஜா இதழ்களுக்கு நடுவே விழுந்தது. அக்கா அதை எடுத்து, கேமராவைப் பார்த்தபடியே அவர் வாயில் ஊட்டினாள்.

நான் மேடைக்கு ஓடினேன். (சேலையில் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை.) நான் போய்ச் சேர்வதற்குள் அவர் மெல்லத் தொடங்கியிருந்தார். சத்தம் முதல் வரிசைவரை கேட்டது. அத்தனை பேர் முன்னால் பெண் வீட்டுக் கேக்கைத் துப்புவது மரியாதையில்லை என்று நினைத்தாராம்.

"மச்சான், முழுங்கிடாதீங்க. அது நான் செஞ்சது" என்றேன்.

அவர் வாயிலிருந்ததை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, "பரவாயில்லம்மா. மொத தடவ செய்யறப்ப கெட்டியாத்தான் வரும்" என்றார்.

கடைவாய்ப் பல் ஒன்றின் ஓரம் போயிருந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா அவருக்கும் சேர்த்து நிறையச் சொன்னாள். கேக் வந்தபோது விருந்தினர்கள் போய்விட்டிருந்தார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக்கின் முதல் துண்டை எனக்குத்தான் ஊட்டுகிறார்கள். புதிதாக வருபவர்கள் அதை மரியாதை என்று எடுத்துக்கொள்கிறார்கள். நான் மென்று விழுங்கி, வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் மச்சான் தன் தட்டை நீட்டுவார்.